சுருட்டிக் கட்டிய மணிக்கயிறு

†
அந்தோணியார்நத்தம்,
நீடாமங்கலம் வழி.
22-10-95, ஞாயிறு.

அன்பு மகன் கிளாட்சனுக்கும் மருமகள் ஜாய்ஸுக்கும் என் தங்கப் பேத்திக்கும் அம்மா எழுதிக்கொள்வது. சேசுவுக்குத் தோத்திரம். நீங்கள் மூவரும் மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அடுத்த வரியில் நாங்களும் இங்கே சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகப் பொய் எழுத மனம் வரவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, அது புதிதில்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மேட்டூர் தண்ணீர் தாமதமாக வந்ததால் சம்பா நடவு இப்போதுதான் பாதி முடிந்திருக்கிறது. உன் தங்கை லின்சி இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்.

வியாழக்கிழமை மூஸா பாய் கடைக்கு நீ போன் போட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டு என்னத்தைப் பேசுவது, வெளியே பெஞ்சில் நாலு பேர் பேப்பரை முகத்துக்குப் பிடித்துக்கொண்டு காதை என் பக்கம் வைத்திருந்தார்கள், அதில் ஒருவர் மஃப்டி போலீஸ் என்று மூஸா பாயே கண்ணைக் காட்டினார். நீயோ போன் இல்லாமலே இங்கே கேட்கிற மாதிரி கத்துகிறாய். "பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வெளிய வரச் சொல்லும்மா, இவ ஒருத்தி வாய மூடுனா ஊரு அழிஞ்சா போயிடும்" என்றாய். அதற்குப் பதிலை எழுதித்தான் ஆகவேண்டும். தபாலில் போடப் பயம், போஸ்ட் ஆபீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருக்கிறது. மூஸா பாய் மருமகன் அஸார் புதன்கிழமை மஸ்கட் திரும்புகிறானாம், அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு சேர்த்து இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயில் ஈரக் கரண்டியைப் போடாதீர்கள், ஜாய்ஸிடம் சொல்.

நீ அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டிருப்பாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், சலித்துக்கொள்ளாமல் படி. ஆடி மாதம் நம் ஊரில் புதுத் தண்ணீர்த் தொட்டியை மந்திரி வந்து திறந்து வைத்தார் என்று எழுதியிருந்தேன் அல்லவா, பேண்டு வாத்தியம், கலர் பேப்பர் எல்லாம் கட்டி. அந்தத் தொட்டியிலிருந்து வருகிற குழாயை அரிசி மில்லுக்குப் பின்னால் சாக்கடைக்குள்ளேயே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். புரட்டாசியில் ஒரு மழை பெய்ததும் குழாயில் வாடை வந்தது, பிறகு வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். முதலில் போனது பொன்னுத்தாய் மகள். பொன்னுத்தாயை உனக்குத் தெரியும், நம் வயலில் நடவுக்கு ஆள் கூட்டிக்கொண்டு வருவாளே, பின்தெருக்காரி, நீ ஊருக்கு வந்தால் கொல்லைப்பக்கம் வந்து நின்று சீமைச் சோப்பு கேட்பாளே அவள்தான். காலையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சாயங்காலம் இல்லை. லின்சி நர்சு படித்துவிட்டு ஊர் ஊராகப் போய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிற அந்த நலக் குழுவில் வேலை பார்ப்பதை வீண் வேலை என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய், அவள்தான் சும்மா இராமல் குழாய்த் தண்ணீரைத் தஞ்சாவூர் கொண்டுபோய்ச் சோதனை செய்து பார்த்தாள். காலரா என்று வந்தது. ஆனால் சுகாதார ஆபீஸில் அந்தச் சொல்லைச் சொல்லவே கூடாதாம். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, மாதா தேர்த் திருவிழாவில் போட்ட சோறு கெட்டுப்போயிருந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள். திருவிழா முடிந்து எத்தனை வாரம் ஆயிற்று, அந்தச் சோறு வயிற்றுக்குள் இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று நான் கேட்டேன், அந்த ஆபீஸர் என்னை முறைத்தார். தண்ணீர் கெட்டது என்று சொன்னால் தொட்டியைத் திறந்து வைத்தவர் முகம் என்ன ஆவது, அவர் மாலை போட்டுக்கொண்டு நின்ற போட்டோ இன்னும் பஞ்சாயத்து ஆபீஸில் தொங்குகிறது.

நலக் குழுப் பிள்ளைகள் நோட்டீஸ் ஒட்டினார்கள், விடிவதற்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். மைக் வைக்க அனுமதி கேட்டதற்கு இல்லை என்றார்கள். அப்போதுதான் லின்சிக்கு நம் கோயில் மணி ஞாபகம் வந்தது. நம் ஊரில் சாவு மணி கேட்டால் என்ன செய்வோம் என்று நீ மறந்திருக்க மாட்டாய், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து யாருக்கு, யாருக்கு என்று கேட்போம், மணி அடிக்கிற கோயில் உபதேசியார் செத்தவர் பெயரைச் சொல்வார், கேட்டவர்கள் ஒரு பரலோக மந்திரம் சொல்வோம். ஆனால் அந்த மணி இதுவரை நம் பங்குக்காரர்களுக்கு மட்டும்தான் அடித்திருக்கிறது. லின்சி பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள், இந்த நோயில் யார் போனாலும், எந்தத் தெருவானாலும், அவர்களுக்கும் அடிக்கவேண்டும் சாமி, மணி கேட்டு ஜனங்கள் வெளியே வந்தால் நான் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். சாமியார் முதலில் தலையைச் சொறிந்தார், பிறகு சரி என்றார், அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அன்றே, நாள் கடந்திருந்தாலும் முதலில் போனவள் என்று, பொன்னுத்தாய் மகளுக்கு ரெமிஜியஸ் உபதேசியார் மணி அடித்தார். பின்தெருவிலிருந்து கோயில் வாசலுக்கு வராதவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்து நின்றார்கள். பொன்னுத்தாய் அந்தத் துக்கத்திலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைக்குக் கூடவாம்மா மணி அடிச்சீங்க" என்று கேட்டாள். அப்புறம் மேலத்தெரு ஞானாம்பாள் போனாள், அவளுக்கும் அடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் லின்சி கோயில் படியில் நின்று செத்தவர் பெயரைச் சொல்லி, இது காலரா, குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்று சொல்வாள். நாலு எழுத்து தெரியாதவளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பில் தண்ணீர்ப் பானை ஏறிற்று. நோய் மட்டுப்பட்டது, இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புது இன்ஸ்பெக்டர் வந்தார். மணி எத்தனை தடவை அடிக்கிறது என்று கேட்டு எழுத ஒரு போலீஸ்காரரைக் கோயிலுக்கு எதிரே உட்காரவைத்தார். அந்த மனிதனுக்கு நம் வழக்கம் என்ன தெரியும், விடியல், உச்சி, மாலை என்று சொல்கிற மூவேளை ஜெபத்துக்கு மத்தியானம் மும்மூன்றாக மூன்று தடவை அடிக்கிற மணியைக் கேட்டு ஒன்பது சாவு என்று எழுதிவிட்டார். சாயங்காலமும் ஜெப மணி அடித்தது, அதற்கும் ஒன்பது. அன்றைக்கு ஊரில் யாருமே சாகவில்லை. ஆக சாகாதவர்களுக்குச் சாவு மணி அடித்துப் பொய் வதந்தி பரப்பி ஜனங்களைக் கலவரப்படுத்தினார்கள் என்று லின்சி மேலும் உபதேசியார் மேலும் கேஸ். கேட்டதும் நான் சிரித்துவிட்டேன், மாதாவுக்கு அடிக்கிற மணியைக் கேட்டு ஊரையே கொன்றுவிட்டார்களே என்று. ஜீப் வந்து நின்றபோது சிரிப்பு போய்விட்டது. உன் தங்கை தலைமயிரைப் பிடித்து ஒரு பெண் போலீஸ் இழுத்து ஏற்றினாள். நான் பின்னாலேயே ஓடினேன். என்னைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தது பொன்னுத்தாய்தான். மகளைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு எங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

மன்னார்குடி வக்கீல் லியாகத் அலிதான் கேஸை எடுத்திருக்கிறார். நல்ல மனிதர், ஜெப மணியையும் சாவு மணியையும் கோர்ட்டிலேயே மேசையில் தட்டிக் காட்டினாராம், ஜட்ஜ் தள்ளிவைத்துவிட்டார். ஊரில் நடக்கிறதைச் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லையா என்று அவரிடம் கேட்டேன். "இருக்கும்மா, சட்டத்துல நல்லாவே எழுதியிருக்கு, ஆனா ஸ்டேஷனுக்குள்ள போகும்போது செருப்ப வாசல்ல விடற மாதிரி அதையும் விட்டுட்டுப் போகச் சொல்றாங்க" என்றார். இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை டைப் அடித்து வைத்திருக்கிறார். ஊரில் காலரா எதுவும் இல்லை, நான் சொன்னது எல்லாம் பொய், மன்னித்துக்கொள்ளுங்கள், இனி எங்கும் எதுவும் பேசமாட்டேன் என்று அதில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் கேஸ் இல்லை, அங்கே ஆஸ்பத்திரி வேலைக்கு நீ அவளுக்கு வாங்கி வைத்திருக்கிற விசாவுக்கு வேண்டிய பாஸ்போர்ட்டுக்கும் நல்லவிதமாக எழுதிக் கொடுப்பாராம். போடாவிட்டால் பாஸ்போர்ட்டும் கிடையாது, வெளியூர் வேலையும் கிடையாது. உபதேசியார் போட்டுவிட்டு வந்துவிட்டார். மூன்று பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டியவர், அவரை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவில் திருப்பிக்கொண்டு போகிறார். பங்குச் சாமியாரையும் கூப்பிட்டு மிரட்டியிருக்கிறார்கள். கேஸ் முடியும்வரை எந்த மணியும் வேண்டாம் என்று அவர் மணிக்கயிற்றைச் சுருட்டிக் கைக்கு எட்டாமல் மேலே கட்டிவிட்டார். ஜெப மணிகூட இல்லை. விடிந்ததும் தெரியவில்லை, உச்சிப்பொழுதும் தெரியவில்லை.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். மணி சத்தம் நின்றதும் நாங்கள் எல்லோரும் என்ன நினைத்தோம் தெரியுமா, சாவு நின்றுவிட்டது என்று நினைத்தோம். கயிற்றைக் கட்டியது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் காதுக்குச் சாவு கேட்கவில்லை என்றதும் மனசு லேசாகிவிட்டது. இத்தனை வருஷமாக மணி அடித்தால்தான் சாவு என்று பழகிய காது அல்லவா. வீட்டுக்கு வீடு அடுப்பில் தண்ணீர் வைப்பதை விட்டார்கள், விறகு மிச்சம் என்று. நானும் விட்டேன், லின்சியைப் பெற்ற நானே குழாயில் பிடித்து அப்படியே குடத்தில் ஊற்றினேன். நம் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. வயலில் நடவுக்கு வந்த பொன்னுத்தாய் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள்.

நீ போன் போட்ட அன்று எனக்கும் மனசு தளர்ந்துதான் இருந்தது, நீ சொன்னதும் சரி என்றே பட்டது. ஸ்டேஷனுக்குப் போய் அந்தக் காகிதத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார் பார். வெள்ளிக்கிழமை கிளைச் சிறைக்குப் போனேன். லின்சி இளைத்துப்போயிருக்கிறாள், வளையல் போடுகிற இடத்தில் கை கன்றியிருந்தது, கேட்டதற்குக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள், எந்தக் கதவு என்று நான் கேட்கவில்லை. பையில் கையை விட்டுக் காகிதத்தைத் தொட்டுக்கொண்டே, அண்ணன் சொல்கிறான், அப்பாவும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவருக்கும் அதுதான் ஆசை என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் காதில் வாங்காமல் ஊரில் எப்படி இருக்கிறது, எல்லோரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்களா என்றாள். எல்லாம் நின்றுபோய்விட்டது அம்மாடி, மணியே அடிக்கவில்லை என்றேன், அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் சொன்னேன். என்னை அப்படியே பார்த்தாள். "மணி அடிக்கலன்னா சாவு இல்லன்னாம்மா அர்த்தம், கயித்தக் கட்டிட்டாங்கன்னுதானே அர்த்தம்" என்றாள். அதற்குமேல் பேச நேரம் கொடுக்கவில்லை. காகிதம் பையிலேயே இருந்தது.

பொழுது சாயும் நேரம் பஸ்ஸைவிட்டு இறங்கி வாய்க்கால் பாலத்துக்கு வந்தேன். எதிரே பாடை வந்தது. பறை இல்லை, அழுகைச் சத்தம்கூட அடக்கித்தான் வந்தது, கூட்டம் சேரக்கூடாது, சத்தம் கூடாது என்று ஒரு போலீஸ்காரர் கூடவே நடந்துவந்தார். யார் என்று கேட்டேன். பொன்னுத்தாய். நடுவயலில் விழுந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே போய்விட்டாள். காலையில் நான் பஸ்ஸில் போனபோது நாற்று முடியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போனவள் கையை ஆட்டினாள், லின்சிப் பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கம்மா என்றாள். அவள் கேட்டதை நான் லின்சியிடம் சொல்லவும் மறந்துவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை உச்சியில் நான் கோயிலுக்குப் போனேன். அப்பாவிடம் சொன்னேன், வேண்டாம் என்று சொல்லுவார் என்று பார்த்தேன், சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து படியில் உட்கார்ந்துகொண்டார். மெழுகுவத்தி ஏற்றுகிற நீளக் கம்பால் மேலே கட்டியிருந்த கயிற்றை நெம்பி இறக்கினேன். சாமியார் பங்களாத் தாழ்வாரத்துக்கு வந்து பார்த்தார், திரும்பி உள்ளே போய்விட்டார். சாவு மணி எப்படி என்று எனக்குத் தெரியும், ஒன்று அடித்து அது முழுக்க அடங்கும்வரை நின்று மறுபடி ஒன்று. என் கை இவ்வளவு கனம் தூக்கும் என்று எனக்கே தெரியாது. ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள், யாருக்கு, யாருக்கு என்றார்கள். பொன்னுத்தாய்க்கு என்று சொன்னேன். லின்சி மாதிரி எனக்குப் பேச வராது, வாய் குழறியது, பொன்னுத்தாய் காலராவில் செத்தாள், குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். குழாயடியில் வரிசையில் நின்ற பெண்கள் பிடித்த தண்ணீரை அங்கேயே கவிழ்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூரைக்குக் கூரை புகை கிளம்பிற்று.

சாயங்காலம் அந்த எழுதுகிற போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தார். பாவம், அவருக்கும் இப்போது நம் மணி பழகிவிட்டது. "உச்சி நேரந்தானம்மா அடிச்சீங்க, ஜெப மணின்னு சொல்லிடுங்க, அப்படியே எழுதிக்கிட்டுப் போயிடறேன், எதுக்கு உங்களுக்கு இந்த வயசுல" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், குடிக்க மோர் கொடுத்தேன். ஆனால் ஜெப மணி இல்லை, சாவு மணிதான், அடித்தது நான்தான், பொன்னுத்தாய்க்கு அடித்தேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுதிக்கொண்டார். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வக்கீலுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று, அவர் வருவார், அப்பாவும் வருவார்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைக்காதே, காலையிலிருந்து வயிறு கலங்கிக்கொண்டுதான் இருக்கிறது, காலராதானோ என்று அப்பா கேலி செய்கிறார். உன் நிலைமையும் எனக்குப் புரிகிறது. போன வருஷம் வடக்கே பிளேக் என்று கேட்டதும் உங்கள் வளைகுடாக்காரர்கள் விமானத்தையே நிறுத்தினார்கள், காலரா ஊர்க்காரி என்று தெரிந்தால் லின்சிக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று நீ கேட்டாய், அது நியாயம்தான். அந்த விசாவுக்கு நீ யார் யார் காலையோ பிடித்திருப்பாய், அது வீணாகப் போவது எனக்கும் துக்கம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், அவள் அந்த ஊருக்கு வந்து என்ன வேலை பார்ப்பாள், நர்சு வேலைதானே. இங்கே நோயை நோய் என்று சொல்லமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவள் அங்கே யாரைக் காப்பாற்றுவாள். இனி எங்களுக்குப் போன் போட்டு, ஆள் அனுப்பி, அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே. அண்ணன் திட்டுகிறான் என்பதுதான் அவளுக்குச் சிறையைவிடக் கஷ்டமாக இருக்கிறது, அதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். முடிந்தால் அவளுக்கு நாலு வரி எழுது. என் விஷயத்தில் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடாதே, தேவை என்றால் மூஸா பாய் கடையிலிருந்து அப்பா கூப்பிடுவார்.

பேத்திக்குப் பல் முளைக்கிறதாமே, வாயில் எல்லாவற்றையும் வைப்பாள், கவனம். அவளுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுக்கச் சொல். பெரிய ஊர், சுத்தமான தண்ணீர் என்று சொல்லாதே, எங்களுக்கும் மந்திரி திறந்து வைத்த தண்ணீர்தான். உங்கள் மூன்று பேர் நெற்றியிலும் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொண்டு படுங்கள், ஆண்டவர் உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பார். கல்லறைத் திருநாள் வருகிறது, தாத்தா கல்லறைக்கு உன் பெயரில் மெழுகுவத்தி வைக்கிறேன், பொன்னுத்தாய்க்கும் அவள் மகளுக்கும் சேர்த்து வைக்கிறேன்.

வீட்டில் வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது, அதனால் இந்தக் கடைசிப் பக்கத்தை அந்தக் காகிதத்தின் பின்புறத்தில்தான் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார், இன்ஸ்பெக்டர் டைப் அடித்தது இருக்கும், கீழே லின்சி பெயருக்கு மேலே கோடு வெறுமையாக இருக்கும். அவர்கள் வேறு அடித்துக்கொள்வார்கள், அடிக்கட்டும். இதை நீ பத்திரமாக வை, பேத்தி வளர்ந்து அத்தை யார் என்று கேட்டால் காட்டு. அந்தப் பக்கம் கையெழுத்து இல்லை, இந்தப் பக்கம் என்னுடையது இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. அருள்மேரி